ரசீது மாறுவது ஏன்?

ஆசிரியருக்கு,

கடலூரில் ஒரு கவுண்டரில் எனக்கு முன்னால் நின்றவருக்கு வேறு யாருடைய ரசீதோ அச்சாகி வந்தது, திட்டு வாங்கியது என்னவோ அந்த ஊழியப் பெண். ஒரே பெரிய ஜன்னலுக்குள் பல குட்டி ஜன்னல்கள் திறக்கும் பழைய மென்பொருள் அது. அச்சிடும் நேரத்தில் எந்தக் குட்டி ஜன்னல் செயலில் இருக்கிறது என்று கேட்காமல், கடைசியாகத் திறந்ததையே நிரல் பிடித்துக்கொண்டிருந்தால் இப்படித்தான் ஆகும். இப்படிப்பட்ட மென்பொருள் எழுத உதவும் மைக்ரோசாஃப்ட்டின் விண்டோஸ் ஃபார்ம்ஸில், செயலில் இருக்கும் குட்டி ஜன்னல் எது என்று சொல்லவே ஆக்டிவ்எம்டிஐசைல்ட் (ActiveMdiChild) என்ற வசதி இருக்கிறது (எதுவும் திறக்காதபோது நல் (null), அதாவது ‘எதுவும் இல்லை’ என்ற பதில், வரும், அதையும் கவனிக்கணும்). அப்புறம், ஏற்கெனவே திறந்திருக்கும் கணக்கை மறுபடி திறக்காமல் முன்னால் கொண்டுவந்தால் போதுமே! எக்செலே தன் 2013 பதிப்பில் இந்தக் குட்டி ஜன்னல் முறையை விட்டுவிட்டு ஒவ்வொரு கோப்புக்கும் தனி ஜன்னல் கொடுத்துவிட்டது. மென்பொருள் போட்டுக்கொடுத்தவர்களைக் கூப்பிட்டுத் திருத்தச் சொல்லுங்கள்.

வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்