ஒரு துணிக் கத்தரிக்கு நன்றி

மிலான், 14 ஏப்ரல் 2025

அன்புள்ள எல்லோருக்கும்,

நேற்று ராத்திரி கடைசி மேசையையும் மடித்து வைத்துவிட்டுப் படுத்தவன் இன்று பதினோரு மணிக்குத்தான் எழுந்தேன். அம்மா போனில் கூப்பிட்டு, சித்திரை ஒண்ணாம் தேதி, குளிச்சியா என்று கேட்கிறாள். இன்னும் இல்லை. ஆறப்போட்டால் எழுத மாட்டேன் என்பதால் முதலில் இதை எழுதிவிடுகிறேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு ராத்திரி நான் போட்ட புலம்பலை நீங்கள் எல்லோரும் படித்தீர்கள். பாதிப் பேர் ஆறுதல் சொன்னீர்கள், மீதிப் பேர் திட்டினீர்கள். இரண்டுமே வேண்டியிருந்தது. அந்தக் கதையை மறுபடி சொல்லப்போவதில்லை. ஒரு வரியில் சொன்னால், கண்காட்சிக்கு முந்தின ராத்திரி இரவல் வாங்கிய பழைய கேமராவில் ஃபிலிமை அவசரத்தில் போட்டு ஷட்டரை மாட்டவைத்தவன் நான், தப்பு என்னுடையது. ஆனாலும் திங்கள் காலை கண்காட்சிக் கதவு திறந்தது. ஏழு நாளும் கேமரா ஓடியது.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வரி: 1925 மார்ச்சில், லைப்சிக் வசந்தகாலச் சந்தையில், அதுவரை மைக்ராஸ்கோப் செய்துகொண்டிருந்த லைட்ஸ் கம்பெனி ஒரு குட்டிக் கேமராவைக் கொண்டுவந்து வைத்தது. அதுதான் லைகா. அதன் நூறாவது வருடத்தை மிலான் வடிவமைப்பு வாரத்தில் எங்கள் அளவுக்குக் கொண்டாடினோம். அந்தக் கம்பெனிக்கும் எங்களுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. இசோலா பகுதியில் ஒரு பழைய ரிங்கியேரா வீடு. முற்றத்தைச் சுற்றி மாடிக்கு மாடி கம்பி போட்ட நடை ஓடுமே, அந்த மாதிரி. அதில் தரைத்தளத்தில் ஒரே ஓர் அறை, நாலு மேசை, பதினான்கு பழைய கேமராக்கள். அதில் ஒன்று, பெர்கமோ ஊர்ப் பெரியவர் ஒருவர் இரவல் தந்த அவர் அப்பாவின் லைகா III, பார்வைக்கு மட்டும் என்று வைத்தது இல்லை. வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு ஃபிரேம் எடுக்கலாம். இதை நம்பித்தான் கூட்டமே வந்தது. ஞாயிறு ராத்திரி நின்றுபோனதும் இதேதான்.

சரி, நன்றிக்கு வருகிறேன்.

முற்றத்துக்கு எதிர்ப்பக்கம் ஒரு தையற்கடை இருக்கிறது. எழுபது தாண்டிய ஓர் அம்மா. கோட்டுகளைப் பிரித்துத் திருத்தித் தைப்பவர். கண்காட்சி தொடங்கும் முன் வாரம் முழுக்க எங்கள் கூச்சலைக் கேட்டு முகம் சுளித்ததைத் தவிர அவர் எங்களோடு பேசியதில்லை. அந்த ஞாயிறு ராத்திரி ஒன்பது மணிக்கு முற்றத்தில் எரிந்த ஒரே விளக்கு அவருடையது. போய், ஒரு சின்னச் சாமணம் கிடைக்குமா என்று கேட்டேன். எதற்கு என்றார். சொன்னேன். சாமணத்தை என் கையில் தரவில்லை. ஊசிவேலைக்கு வைத்திருந்த பூதக்கண்ணாடி விளக்கையும் தூக்கிக்கொண்டு அவரே வந்துவிட்டார்.

லென்ஸைத் திருகிக் கழற்றி வைத்திருந்தேன். உள்ளே, ஃபிலிமுக்கு முன்னால் ஒளியை மறைத்துத் திறக்கும் ஷட்டர் திரை பாதி வழியில் நின்றிருந்தது. விளக்கைக் கிட்டே இழுத்துக் குனிந்து பார்த்தவர், "இது துணிதானே?" என்றார். ஆமாம், ரப்பர் பூசிய துணி என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "துணி என்றால் நீ தள்ளு."

அதே நேரத்தில் சென்னையிலிருந்து வீடியோ அழைப்பில் நம் கேமரா மெக்கானிக் அண்ணன். அங்கே மணி பன்னிரண்டரை. "எண்ணெய் மட்டும் விட்டுடாதீங்க தம்பி" என்று அவர் நாலு தடவை சொன்னதை அந்த அம்மாவுக்கு நான் நாலு தடவை இத்தாலியனில் சொன்னேன். நாலாவது தடவை, "துணியில் யாராவது எண்ணெய் விடுவார்களா, அந்த மனிதரிடம் சொல்" என்றார். சொல்லவில்லை, அண்ணே. இப்போது சொல்லிவிட்டேன்.

ஃபிலிமின் ஓரத் துளைகளுக்கு நடுவிலிருந்து பிய்ந்த ஒரு துணுக்கு, அரிசி நொய் அளவுதான் இருக்கும். திரையின் ஓரத்தில் சொருகிக்கொண்டிருந்தது. மூச்சைப் பிடித்து ஒரே எடுப்பில் எடுத்தார். வைண்டிங் குமிழைத் திருப்பி, ஷட்டர் பொத்தானை அழுத்தினேன். ச்சிக். அவ்வளவு மெல்லிய சத்தத்துக்கு நாங்கள் ஆறு பேரும் கத்தியதில் மூன்றாம் மாடியில் ஜன்னல் திறந்தது.

இதோடு முடிந்திருந்தாலே பெரிய விஷயம். ஆனால் மறுபடியும் ஃபிலிம் போட வேண்டுமே! பழைய லைகாவில் பின்கதவு கிடையாது. அடித்தட்டைக் கழற்றி ஃபிலிமைக் கீழிருந்து சொருக வேண்டும். அதற்கு ஃபிலிமின் முனை பத்து சென்டிமீட்டர் நீளத்துக்குப் பாதி அகலமாக வெட்டப்பட்டிருக்க வேண்டும். இன்று கடையில் விற்கும் ரோலில் அந்த நாக்கு மிகவும் குட்டை. அப்படியே சொருகினால் மாட்டிக் கிழியும். நான் செய்த காரியம் அதுதான். அந்தக் காலத்தில் லைட்ஸே இதற்கென்று ஓர் உலோக அச்சு விற்றார்கள். எங்களிடம் இருந்ததோ நகம் வெட்டும் கத்தரி. வெட்டிக் காட்டினேன், எலி கடித்தது போல வந்தது.

அவர் எழுந்து போனார். திரும்பி வரும்போது கழுத்தில் டேப், கையில் பழுப்புக் காகிதம். அளந்து, நாக்கின் வளைவை வரைந்து, சட்டைக் காலருக்கு வெட்டுவது போல ஒரு பேட்டர்ன் வெட்டினார். வெட்டு ஓரத்துளையின் மேல் விழக்கூடாது, இரண்டு துளைக்கு நடுவில் முடிய வேண்டும் என்று மட்டும் சொன்னேன். அதற்கும் ஒரு குறி போட்டுக்கொண்டார். அப்புறம் கடைச் சுவரில் ஆணியில் தனியாகத் தொங்கிய பெரிய கத்தரியை எடுத்து வந்தார்.

"ஐயோ, அது வேண்டாம்" என்றேன். தமிழில்.

கோவில்பட்டியில் என் அப்பாவுக்குத் தையற்கடை இருந்தது தெரிந்தவர்களுக்கு இது புரியும். அவரிடம் இரண்டு கத்தரிகள். ஒன்று எல்லாவற்றுக்கும், இன்னொன்று துணிக்கு மட்டும். நாலாம் வகுப்பில் புத்தகத்துக்கு அட்டை போட அந்த இரண்டாவதை எடுத்து நான் காக்கிக் காகிதத்தை வெட்டினேன். அப்பா அடிக்கவில்லை. அன்று ராத்திரி வரை பேசவில்லை. மறுநாள் தெருவில் சாணை பிடிக்கிறவர் குரல் கேட்டதும் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடினார். காகிதத்துக்கே இந்தப் பாடு என்றால், ஃபிலிம் பிளாஸ்டிக்!

அந்த அம்மாவுக்கு என் தமிழ் புரிந்ததோ என்னவோ, முகம் புரிந்திருக்கிறது. "இது துணிக்கு என்று எனக்குத் தெரியாதா? நாளைக்குக் கதவு திறக்க வேண்டுமா, வேண்டாமா?" என்றார். ஒரே வெட்டு. ஓரம் கண்ணாடி மாதிரி வந்தது.

வெட்டிக்கொண்டே, இந்தக் கேமராவைச் செய்தது யார் என்று கேட்டார். வெட்ஸ்லாரில் லைட்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஆஸ்கர் பார்னக் பற்றிச் சொன்னேன். ஆஸ்துமாக்காரர், பெரிய கண்ணாடித் தட்டுக் கேமராவைச் சுமந்து மலையேற முடியாதவர். 1914-லேயே ஒன்று செய்து பார்த்துவிட்டார். சினிமா ஃபிலிமை மேலிருந்து கீழாக ஓட்டாமல் படுக்கையாக ஓட்டினார். 18×24 மில்லிமீட்டர் கட்டம் 24×36 ஆனது. "துணியைக் குறுக்கே திருப்பிப் போட்டிருக்கிறான்" என்றார். "அகலம் போதாவிட்டால் நாங்களும் அதைத்தான் செய்வோம்." நான் இரண்டு வாரம் உட்கார்ந்து எழுதிச் சுவரில் ஒட்டிய விளக்கக் குறிப்பை அப்போதே கிழித்துவிடலாம் போலிருந்தது. ஒட்டிய பசை நல்ல பசை, விட்டுவிட்டேன்.

அன்றோடு முடியவில்லை. ஒவ்வொரு ராத்திரியும் மறுநாளுக்கான மூன்று ரோல்களை அவர் கடைக் கைப்பிடியில் ஒரு பையில் மாட்டிவிட்டுப் போவேன். காலை எட்டுக்கு வந்தால் மூன்றும் நாக்கு வெட்டி, ஆளுக்கொரு துணிக் கிளிப்போடு தயாராகத் தொங்கும். மொத்தம் இருபத்தொரு ரோல். காசு கொடுக்கப் போனேன், கோட்டுத் தைக்க வரும்போது கொடு என்றார். எனக்குக் கோட்டே கிடையாது.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். தமிழும் சிங்களமும் கலந்து "பரவாயில்ல மல்லி" (தம்பி) என்று சொல்லியே எங்கள் பெட்டிகளைத் தன் அறையில் அடுக்க விட்ட நீர்கொழும்புக்கார வாசல்காவலர், இரண்டு இரவு தூங்காமல் பிரிண்ட் போட்ட நண்பர்கள், புளியோதரை கட்டி அனுப்பிய வீடுகள், பணம் அனுப்பிப் பெயர் சொல்லாதவர்கள், சென்னை அண்ணன். படம் எடுக்க வந்து, உள்ளே அமுங்கும் எல்மார் லென்ஸை வெளியே இழுக்க மறந்து பனிமூட்டத்தைப் பதிவு செய்த அத்தனை பேருக்கும்கூட. உங்கள் பிரிண்டையும் அனுப்புகிறோம், அது உங்கள் ஃபிரேம்.

பெர்கமோ பெரியவருக்கு நேற்றே போனில் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். ரொம்ப நேரம் பேச்சே இல்லை. பிறகு, அந்தக் காகித பேட்டர்னைக் கேமராவின் தோலுறைக்குள்ளேயே வைத்து அனுப்பு என்றார். வைத்தாயிற்று. இனி யாருடைய கேமராவையும் அவசரத்தில் தொடுவதில்லை என்று அவருக்குக் கொடுத்த வாக்கை உங்கள் முன்னாலும் சொல்லிவைக்கிறேன்.

கத்தரி மழுங்கித்தான் போயிருக்கிறது. அந்த அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் சனிக்கிழமை ஒரு கோட்டுத் துணியை வெட்டும்போது இரண்டு தடவை நிறுத்தியதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சாணைக்கு நான் கொண்டுபோகிறேன் என்று மூன்று நாளாகக் கெஞ்சினேன், கடைசியில் நேற்று ராத்திரி சரி என்றார். புதன்கிழமை சந்தைக்குச் சாணை பிடிக்கிறவர் வருவாராம். ஏழரை மணிக்கு வந்து வாங்கிக்கொள், வழியில் வேறு எதையும் வெட்டாதே என்றிருக்கிறார்.