குரோச்சே சொன்னது அதுவல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இதழில் வந்த கட்டுரையில் 'எல்லா வரலாறும் சமகால வரலாறே' என்ற தத்துவ அறிஞர் பெனெடெட்டோ குரோச்சேயின் வரியை எடுத்துப் போட்டு, ஆகவே வரலாற்றை அவரவர் வசதிக்கு எழுதிக்கொள்ளலாம் என்று முடித்திருக்கிறார் எழுதியவர். அந்த இத்தாலியர் இதைப் படித்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

அவர் சொன்னது வேறு. பழைய பத்திரமும் கடிதமும் ஆண்டுவாரியாக அடுக்கிக் கிடக்கும்வரை வெறும் குறிப்பேடு, செத்த வரலாறு; இன்றைக்கு நம்மை அரிக்கிற ஒரு கேள்வியோடு ஒருவர் அதன் முன்னால் போய் உட்காரும்போதுதான் அதற்கு உயிர் வருகிறது. கேள்விதான் இன்றையது, பதிலை நம் இஷ்டத்துக்குச் செய்துகொள்ள முடியாது. முசோலினி ஆட்சியில், 1928-இல், அவர் 1871 முதல் 1915 வரையிலான இத்தாலிய வரலாற்றை வெளியிட்டார். சுதந்திரம் பறிபோன நாட்டில் உட்கார்ந்து அது இருந்த காலத்தைப் பற்றி ஏன் எழுதினார் என்று விளக்க வேண்டியதில்லை. (அவரும் சொக்கத் தங்கமல்ல, 1924-இல் செனட்டில் அந்த அரசுக்கே ஆதரவாக ஓட்டுப் போட்டவர், பழைய நண்பரான தத்துவவாதி ஜென்டிலே பாசிசத்தை ஆதரித்து எழுதிய அறிக்கைக்கு மறுப்பு எழுதியது அடுத்த ஆண்டுதான்.) அதற்கு முந்தைய, இத்தாலியை ஒரே நாடாக்கிய போராட்டக் காலத்தை விட்டுவிட்டு ஏன் 1871-இல் தொடங்கினார் என்று சிறையிலிருந்த இத்தாலியக் கம்யூனிஸ்ட் தலைவர் கிராம்சி கேட்டார். நியாயமான கேள்வி.

அப்புறம், கட்டுரை தொடவே தொடாத விஷயம் ஒன்று. 'மனசுல நிறைய இருக்கு, சொல்லத்தான் வரலை' என்கிறோமே, 1902-இல் வந்த அழகியல் நூலில் குரோச்சே அதை ஒப்புக்கொள்வதில்லை: நிஜமாகவே இருந்திருந்தால் சொல்லாக வந்திருக்கும். உள்ளே தெளிவாகக் காண்பதும் வெளிப்படுத்துவதும் அவருக்கு ஒன்றுதான், அதுவே கருத்துகளுக்கு முந்திய அறிவு. ஓவியர் ரஃபேல் வரைந்த மடோனாவை, அதாவது மேரி மாதாவை, யாரும் கற்பனை செய்திருக்கலாம், அவருக்குக் கைத்திறன் இருந்தது, அவ்வளவுதான் என்பது சுத்தப் பொய் என்கிறார். இதுவரை சரி. ஆனால் சிற்பம் மனதிலேயே முடிந்துவிடுகிறது, கல்லில் செதுக்குவது பிறகு வரும் வேலை என்று போகும்போது எனக்கு ஒட்டவில்லை. உளி பிடித்தவரைக் கேட்டால் சிரிப்பார்.

இதற்கும் வரலாற்றுக்கும் என்ன தொடர்பு என்றால், 1893-இலேயே வரலாற்றைக் கலையின் பக்கம் சேர்த்தவர் அவர். சேர்த்த கையோடு, கலை நடக்கக்கூடியதைச் சொல்லலாம், வரலாறு நடந்ததைத்தான் சொல்ல வேண்டும் என்று கோடும் போட்டுவிட்டார். அந்தக் கோட்டை விட்டுவிட்டு ஒரு வரியை மட்டும் எப்படி எடுத்தார் கட்டுரையாளர்?

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், திருச்சி