ரோபோவா, கத்தியா என்று கேட்டிருந்தாய்

அன்புள்ள செல்வி,

அண்ணனுக்கு, உன் வீட்டுக்காரருக்கு, புராஸ்டேட் புற்றுநோய் என்று நீ அனுப்பிய ரிப்போர்ட்டை நிதானமாகப் படித்தேன். பயப்படாதே என்று வாய்வார்த்தைக்குச் சொல்லவில்லை, அதில் இருப்பதை வைத்தே சொல்கிறேன்: நோயின் வீரியத்தைச் சொல்லும் கிளீசன் மதிப்பெண் 3+4, இரத்தத்தில் பார்க்கும் பிஎஸ்ஏ அளவு 8, எம்ஆர்ஐயில் கட்டி புராஸ்டேட் சுரப்பிக்குள்ளேயே இருக்கிறது, எலும்பிலும் ஒன்றும் இல்லை. நம் மலேசியாவில் இந்த நோயோடு வரும் ஆண்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் முற்றிய பிறகுதான் வருகிறார்கள், வாய் திறந்து சொல்லமாட்டார்களே. அண்ணன் நேரத்தோடு போய்க் காட்டியது பெரிய விஷயம், அதை அவரிடமே சொல்.

சரி, சுரப்பியை ரோபோ வைத்து எடுப்பதா, வயிற்றைத் திறந்து கத்தியால் எடுப்பதா என்ற உன் கேள்விக்கு வருவோம். ஈபிஎஃப் சேமநிதிப் பணத்தை எடுத்தாவது ரோபோவில்தான் செய்ய வேண்டும் என்று உன் மகன் மூத்தவன் நிற்கிறான் என்று எழுதியிருந்தாய். நான் ஆபரேஷன் தியேட்டரில் வேலை செய்த கடைசி வருடங்களில் அந்த மெஷின் பக்கத்திலேயே நின்றிருக்கிறேன். செல்வி, அது தானாக ஒன்றும் செய்யாது. நோயாளியைத் தலை கீழே சாயும்படி கட்டிலோடு சரித்து வைப்பார்கள், பிளாஸ்டிக் உறை போட்ட நான்கு கைகள் வயிற்றுக்கு மேலே வந்து நிற்கும், சர்ஜன் அறையின் ஓரத்தில் ஒரு பெட்டிக்குள் முகத்தைப் புதைத்து உட்கார்ந்திருப்பார். காலடி மிதிகள் சரியாகத் தெரிய வேண்டும் என்று எங்கள் டாக்டர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வெறும் காலுறையோடுதான் உட்காருவார். அவர் விரல் அசைவதுதான் உள்ளே அந்தச் சின்னக் கத்தரியாக அசையும், அதுவும் மணிக்கட்டுபோல எல்லாப் பக்கமும் திரும்பும், கை நடுக்கத்தையும் மெஷினே வடிகட்டிவிடும். எட்டு மில்லிமீட்டர் குழாய் போகும் அளவுக்குத்தான் துளைகள், கடைசியில் சுரப்பியை வெளியே எடுக்க ஒன்றை மட்டும் கொஞ்சம் பெரிதாக்குவார்கள். வயிற்றைத் திறந்து செய்த காலத்தில் இரத்தப் பைகளைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருப்போம், ரோபோ வந்த பிறகு அந்தப் பைகள் பெரும்பாலும் தொடப்படாமலேயே இரத்த வங்கிக்குத் திரும்பிப் போகும். இதெல்லாம் உண்மையான நன்மை, நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அண்ணனும் நீயும் கவலைப்படுவது வேறு இரண்டு விஷயத்துக்கு இல்லையா? ஒன்று சிறுநீர் கட்டுப்படாமல் ஒழுகுவது. இன்னொன்றை நீ எழுதவில்லை, நானே எழுதுகிறேன், தாம்பத்தியம். ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் மருத்துவமனை ஒன்றில் 300க்கும் அதிகமான ஆண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேருக்கு ரோபோவிலும் மீதிப் பேருக்குத் திறந்தும் செய்து பார்த்தார்கள். 2018ல் வந்த இரண்டு வருட முடிவில் இந்த இரண்டிலும் பெரிய வித்தியாசமே இல்லை. அதில் எனக்கு முக்கியமாகப் பட்டது என்னவென்றால், திறந்து செய்தவர் 1,500க்கு மேல் செய்து பழகிய கை, ரோபோவில் உட்கார்ந்தவர் அதைவிட மிகக் குறைந்த அனுபவம் உள்ளவர். அப்படியும் இருவரும் சமமாக வந்தார்கள் என்றால் மெஷினுக்கும் ஒரு பங்கு உண்டு, கைக்கும் ஒரு பங்கு உண்டு. அதனால் மூத்தவன் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது என்ன மாடல் ரோபோ என்று விசாரிக்க வேண்டாம். "டாக்டர், இதுவரை நீங்கள் எத்தனை செய்திருக்கிறீர்கள், உங்கள் நோயாளிகளில் எத்தனை பேர் ஒரு வருடம் கழித்தும் ஒழுகுவதற்குப் பேட் வைக்கிறார்கள்" என்று நேராகக் கேட்கட்டும். நல்ல சர்ஜன் கோபித்துக்கொள்ள மாட்டார். அப்புறம், ரோபோ என்றாலே தனியார்தான் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். கோலாலம்பூர் அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரியில் 2004லேயே கொண்டுவந்துவிட்டார்கள். அங்கே ஸ்பெஷலிஸ்டைப் பார்க்கக் கட்டணமும் குறைவுதான், போய் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வந்தால் என்ன?

அவசரமும் வேண்டாம். பிரிட்டனில் 1,643 ஆண்களை அறுவை, கதிர்வீச்சு, கண்காணிப்பு என்று மூன்றாகப் பிரித்து 15 வருடம் பின்தொடர்ந்தார்கள். எந்தப் பிரிவில் இருந்தாலும் இந்தப் புற்றுநோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவுதான். கண்காணிப்பில் இருந்தவர்களுக்கு நோய் பரவியது கொஞ்சம் அதிகம், அதையும் மறைக்கக் கூடாது. அண்ணனுக்கு 3+4 என்பதால் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கச் சொல்வார்களா தெரியாது, ஆனால் கதிர்வீச்சு டாக்டரையும் பார்க்காமல் கத்திக்குக் கையெழுத்துப் போட விடாதே. சர்ஜனிடம் மட்டும் கேட்டால் அறுவைதான் முதலில் வரும், அது மனித இயல்பு.

அறுவை என்றே முடிவானால், இடுப்படித் தசையை இறுக்கி விடும் பயிற்சியை இன்றைக்கே ஆரம்பிக்கச் சொல். சிறுநீரைப் பாதியில் நிறுத்தும்போது இறுகும் அதே தசைதான். அறுவைக்குப் பின் சிறுநீர் போக வைக்கும் டியூபை எடுத்த பிறகு கற்றுக்கொள்வது கஷ்டம், ஒழுகும்போது மனசு விட்டுப்போகும். டியூப் ஒரு வாரம் போல இருக்கும், தளர்ந்த சாரோங் நாலைந்து எடுத்து வை.

என் பக்கத்து வீட்டு மாமா நன்றாக இருக்கிறார். மூத்திரப்பைப் புற்றுநோய் என்று போன வருடம் எழுதியிருந்தேனே, அவருக்குப் பிசிஜி மருந்தைப் பைக்குள்ளேயே விட்டு வைத்தியம் செய்கிறார்கள். நாம் பிரசவ வார்டில் பச்சைக் குழந்தைகளுக்குக் காசநோய்த் தடுப்பூசியாகப் போட்டோமே, அதே பலவீனமாக்கிய மாட்டுக் காசநோய்க் கிருமிதான்! 1976ல் கனடாவில் ஒரு டாக்டர் எழுதி வெளியிட்ட முறை, இத்தனை புது மருந்துகள் வந்தும் இன்னும் அதற்கு மரியாதை குறையவில்லை. மாமா தினமும் ஜார்ஜ்டவுனில் பசியாறப் போகிறார், தண்ணீர்மலை முருகன் கோயில் படியும் ஏறுகிறார்.

ஒன்று மறந்துவிடாதே. அப்பாவுக்கு வந்தால் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மடங்கு போல. அண்ணனின் தம்பிகளை இந்த மாதமே பிஎஸ்ஏ இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பு, மூத்தவனுக்கு நாற்பத்தைந்து நெருங்குகிறது, அவனையும் பிடித்து உட்கார வை. டாக்டரைப் பார்க்கும் தேதி கிடைத்ததும் சொல், நான் இடிஎஸ் ரயிலில் வந்துவிடுகிறேன். கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு உன்னோடு நானும் உள்ளே வருவேன்.

அன்புடன்,
மல்லிகா
பினாங்கு