நகர மையச் சிலைகள் திருப்பணி நிறைவு அறிக்கை: குதிரை வீரர் ஏன் பளபளக்கவில்லை?

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நகர மையத்தில் இருக்கும் ஒன்பது சிற்பங்களுக்கும் நினைவுச் சின்னங்களுக்கும் நாம் எடுத்த திருப்பணி முடிந்தது. கடைசிச் சாரத்தையும் போன வாரம் பிரித்தாகிவிட்டது. வரவு செலவுக் கணக்கு தணிக்கை முடிந்து தனியாக வரும், அதை இங்கே தொடவில்லை. சாரம் பிரித்த நாளிலிருந்து ஆளாளுக்கு ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள்: "இத்தனை மாசம் வேலை நடந்துச்சே, குதிரை வீரர் ஏன் இன்னும் கறுப்பாவே இருக்கார்? தேய்ச்சுப் பளபளன்னு ஆக்கியிருக்கக் கூடாதா?"

ஆக்கியிருக்கலாம், அது ஒன்றும் பெரிய வேலை இல்லை. ஆனால் வெண்கலச் சிலை வார்ப்பிலிருந்து வெளியே வரும்போது புதுப் பாத்திரம் போலத்தான் மின்னும். அதைச் சூடாக்கி, ரசாயனக் கரைசலைத் திரும்பத் திரும்பத் தடவி, தனக்கு வேண்டிய நிறம் வரும்வரை சிற்பி நிறுத்தமாட்டார். நீங்கள் பார்க்கும் அந்தக் கருஞ்செம்மை அழுக்கு இல்லை, கையொப்பம் மாதிரி. தேய்த்தால் அது போய்விடும், போனால் திரும்ப வராது, அடியில் இருக்கும் வெறும் உலோகம் மறுபடி முதலிலிருந்து காற்றோடும் மழையோடும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

ஏற்கெனவே ஒரு தடவை அந்தத் தப்பு நடந்திருக்கிறது என்பதுதான் வருத்தம். பல வருடங்களுக்கு முன்னால் நல்ல எண்ணத்தோடு யாரோ அழுத்தக் காற்றில் மணல் வீசிச் சுத்தம் செய்திருக்கிறார்கள். (அந்தக் காலத்தில் வேறு பல ஊர்களிலும் வெண்கலச் சிலைகளுக்கு இப்படிச் செய்தார்கள், நம்மவர்களை மட்டும் திட்டுவது நியாயமில்லை.) குதிரையின் பிடரியில் உளி வேலை செய்த கோடுகள் ஒரு பக்கம் மட்டும் மழுங்கிக் கிடப்பதற்கு அதுதான் காரணம். சாரத்தில் ஏறிக் கிட்டத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும். இந்தத் திருப்பணியில் நாங்கள் சரிசெய்ததில் பாதிக்கு மேல் மழையும் வெயிலும் செய்த சேதம் இல்லை, முந்தைய பராமரிப்பு செய்த சேதம்.

இன்னொரு உதாரணமும் அதே குதிரைதான். வெண்கலச் சிலை உள்ளே கூடு. உள்ளே சேரும் தண்ணீர் வடிவதற்குக் குளம்புக்கு அடியில் சின்னத் துளைகள் விட்டிருப்பார்கள். யாரோ அதை விரிசல் என்று நினைத்து சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டார்கள்! வயிற்றுப் பக்கம் ஒரு திருகாணியைக் கழற்றி மெல்லிய குழாய்க் கேமராவை விட்டுப் பார்த்தபோது பின்னங்கால் இரண்டிலும் தண்ணீர் தேங்கி நின்றது. சிமெண்டைக் கொத்தி எடுத்ததும் கறுப்புத் தண்ணீர் வாளி வாளியாக வந்தது, நாற்றம் தாங்கவில்லை. அந்தத் தண்ணீரில் ஊறிய உள் இரும்புச் சட்டம் துருப்பிடித்து, துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் அடைக்கும் என்பதால் உள்ளிருந்து நெம்பி, இடது பின்னங்காலில் முழ நீளத்துக்கு வெடிப்பு விட்டிருந்தது. கீழே நின்று பார்த்தால் அது தெரியாது.

இரும்பும் செம்புக் கலவையும் ஈரத்தில் ஒட்டி நின்றால் இரும்பு பலியாகும், ஒரு பேட்டரி மாதிரி. நியூயார்க் சுதந்திர தேவி சிலைக்கு நடந்ததும் இதுதான். 1886-இல் திறந்த அந்தச் சிலையின் செம்புத் தோல் 2.4 மில்லிமீட்டர் தடிமன்தான். அதைத் தாங்கும் இரும்புப் பட்டைகள் செம்பைத் தொடாமல் இருக்க நடுவில் ஷெல்லாக் என்ற அரக்குப் பிசினில் ஊறிய கல்நாரை வைத்தார்கள், அது காலப்போக்கில் உதிர்ந்துபோக இரும்பு அரித்துப்போனது. 1986-இல் முடிந்த சீரமைப்பில் பட்டைகளைத் துருப்பிடிக்காத எஃகாக மாற்றி, நடுவில் டெஃப்லான் வைத்தார்கள். நம் குதிரைக்கும் அதே வழிதான்: பழைய சட்டத்தை வெட்டி எடுத்து எஃகுச் சட்டம், இடையில் தடுப்புத் தகடு, வெடிப்புக்கு அதே கலவை வெண்கலத்தில் வெல்டிங். திட்டத்தில் இல்லாத வேலை இது. நாங்கள் சொன்ன தேதி தள்ளிப்போனதற்கு முழுக் காரணமும் இதுதான், அதற்கு மன்னிப்பு.

தோலுக்கு வருவோம். பச்சை எல்லாம் ஒன்றில்லை. சீராக, கெட்டியாகப் படிந்த களிம்பு ஒரு காப்பு, அதைத் தொடக்கூடாது. வெளிர் பச்சையில் மாவு மாதிரி உதிர்ந்தால்தான் ஆபத்து. உப்பின் குளோரைடு உள்ளே புகுந்து, ஈரம் பட்டால் அமிலமாகி, உலோகத்தைத் தின்றுகொண்டே போகும். வெண்கல நோய் என்றே அதற்குப் பெயர். பூங்கா மூலையில் இருக்கும் தாயும் குழந்தையும் சிலையில் முழங்காலுக்குக் கீழே மட்டும் வெள்ளைக் கறையும் வெளிர் பச்சையும் இருந்தன. ஏன் அங்கே மட்டும் என்று மண்டையைக் குடைந்துகொண்டோம். கடைசியில் பார்த்தால் புல்தரைக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாய் தினமும் காலையில் அந்தக் கால்களைத்தான் குளிப்பாட்டியிருக்கிறது. குழாயைத் திருப்பி வைத்தோம். மொத்தத் திருப்பணியிலும் மலிவான வேலை அதுதான், பலன் அதிகமானதும் அதுதான்.

நான்கு வெண்கலச் சிலைகளையும் காரமில்லாத சோப்புக் கரைசலிலும் மென்மையான தூரிகையிலும் கழுவி, நோய்ப்பட்ட இடங்களை மட்டும் சுரண்டி எடுத்து மருந்து வைத்து, லேசாகச் சூடாக்கி மெழுகு ஏற்றியிருக்கிறோம். அக்ரிலிக் லேக்கர் பூசினால் வருடக்கணக்கில் நிற்குமே என்று ஒரு உறுப்பினர் கேட்டார். நிற்கும். ஆனால் ஒரு இடத்தில் கீறல் விழுந்தால் அதற்கடியில் அரிப்பு ஓடும், முழுவதையும் கழற்றி மறுபடி பூசுவது பெரிய பாடு. மெழுகு என்றால் வருடம் ஒருமுறை நாமே போட்டுக்கொள்ளலாம்.

கல் வேலை சுருக்கமாக. நினைவுத் தூணின் இணைப்புகளில் சிமெண்ட் பூசியிருந்தார்கள்; கல்லைவிடக் கெட்டியான சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாது, ஈரம் கல் வழியாகவே வெளியேறப் பார்க்கும், உப்பு பூத்துக் கல் செதில் செதிலாக உரியும். எல்லாவற்றையும் கையாலேயே கொத்தி எடுத்துச் சுண்ணாம்புச் சாந்து வைத்தாயிற்று. பீடங்களில் வழிந்திருந்த பச்சைக் கறைக்குப் பற்றுப் போட்டு இழுத்தோம், முக்கால்வாசி போய்விட்டது, மீதி அப்படியே இருக்கட்டும்.

தெருமுனையில் நிற்கும் எஃகுச் சிற்பத்துக்கு ஏன் பெயிண்ட் அடிக்கவில்லை என்றும் கேள்வி வந்தது. அது துருப்பிடிப்பதற்கென்றே தயாரிக்கும் எஃகு. சிகாகோவில் 1967-இல் வைத்த பிக்காசோவின் சிற்பமும் இந்த வகைதான். மேல் துரு சட்டை மாதிரி மூடி உள்ளே போகவிடாது, ஆனால் நனைந்தால் காயவேண்டும், அது நிபந்தனை. நம்முடையதில் அடியில் இலை மக்கி எப்போதும் ஈரமாகவே இருந்ததால் அங்கே மட்டும் நிஜமாகவே அரித்திருந்தது. இலையை வாரி, சரளைக்கல் கொட்டி, தண்ணீர் ஓடும்படி சரிவு கொடுத்திருக்கிறோம்.

சதுக்கத்தின் சிவப்புச் சிற்பத்தில் பஞ்சாயத்தே நடந்தது. ஒவ்வொரு முறையும் கையில் கிடைத்த சிவப்பை அடித்து அடித்து அது கடைசியில் அரக்கு நிறத்துக்கு வந்திருந்தது. பெயிண்ட் அடுக்குகளைச் சின்ன வெட்டாக எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது, எல்லாவற்றுக்கும் அடியில் ஆரஞ்சு கலந்த சிவப்பு, பளபளப்பே இல்லாமல். சிற்பியின் குடும்பத்தாரும் அதுதான் என்று உறுதி சொன்னார்கள். இப்போது கண்ணை உறுத்துகிறது என்கிறீர்கள். உறுத்தட்டும், அவர் நினைத்தது அதைத்தான்.

குழந்தையின் கட்டைவிரலும் நாய் சிலையின் மூக்கும் மட்டும் மின்னுவது நாங்கள் விட்டுப்போனது இல்லை, நீங்கள் தொட்டது. நியூயார்க்கில் 1989-இல் வந்த காளைச் சிலைக்கும் மூக்கு இப்படித்தான் தேய்ந்து மின்னுகிறது. அளவுக்கு மீறினால் ஆபத்து: வெரோனாவில் ஜூலியட் சிலை தொட்டுத் தொட்டே பழுதாகி, 2014-இல் அசலை உள்ளே எடுத்துக்கொண்டு நகலை வைக்க வேண்டிவந்தது. நாய் மூக்குக்கு அந்த நிலை இல்லை, குழந்தைகள் தொடட்டும் என்று குழு ஒருமனதாக முடிவெடுத்தது. இந்தக் குழு ஒருமனதாக எடுத்த ஒரே முடிவும் அநேகமாக அதுதான்.

முடியாத வேலை ஒன்று பாக்கி. நீரூற்றுப் பக்கம் இருக்கும் பளிங்குப் பெண். புகைக் காற்றின் கந்தகம் பளிங்கை ஜிப்சமாக மாற்றிவிடும். மழை படும் இடத்தில் அது கரைந்து முகம் தேயும், படாத இடத்தில் கரியோடு சேர்ந்து கறுப்பு ஓடாகும். அந்தக் கறுப்பு ஓடுகளை நாள்கணக்கில் நுண்தூறல் விட்டு இளக்கி எடுத்தோம், மூக்கும் விரல்களும் சர்க்கரை மாதிரி உதிர்வதை நிறுத்த வழியில்லை. உள்ளே கொண்டுபோய் வெளியே நகல் வைக்கலாம் என்பது வல்லுநர் கருத்து. ஃப்ளாரன்ஸில் மைக்கலாஞ்சலோவின் டேவிட்டை 1873-இல் உள்ளே கொண்டுபோனார்கள், சதுக்கத்தில் 1910 முதல் நகல்தான் நிற்கிறது, யாரும் குறையாக நினைப்பதில்லை. குழுவில் பாதிப் பேர் இதற்கு ஒப்பவில்லை, எனக்கே முழு மனசு இல்லை. பொதுக்குழுவில் நீங்கள்தான் வாக்களிக்க வேண்டும். அதுவரை குளிர்காலத்தில் மூடி வைப்போம்.

அப்புறம், மெழுகு. அடுத்த வருடம் இதே மாதம் மறுபடி ஏற்ற வேண்டும், நான்கு சிலைக்கும் சேர்த்து ஆறு பேர் இரண்டு நாள் வந்தால் போதும், ஏணியில் ஏறப் பயப்படாதவர்கள் பெயர் கொடுங்கள். வாளி, தூரிகை, பழைய பருத்தித் துணி எல்லாம் இருக்கிறது. கம்பித் தூரிகையையும் பித்தளை பாலிஷையும் தயவுசெய்து வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.