உரலிழுத்த கண்ணனைப் பார்க்கப் போகிறோம்

1.10.2025
ரயிலில்

அன்புள்ள கயலுக்கு,

அம்மா எழுதுகிறேன். சரஸ்வதி பூஜையும் அதுவுமாகப் புத்தகங்களை அடுக்கிச் சந்தனம் வைக்க வேண்டியவள், நாங்கள் வேலை பார்க்கிற சீன ஊர் ஹாங்சோவை விட்டு மணிக்கு 240 கிலோமீட்டர் வேகத்தில் தெற்கே போய்க்கொண்டிருக்கிறேன். பக்கத்து சீட்டில் அப்பா. ஏறினதும் குறட்டை.

"நாலு வருஷமா சைனாவில இருக்கீங்க, பள்ளிக்கூடத்தையும் காய்கறிக் கடையையும் விட்டா வேறென்ன பாத்தீங்க?" என்று ஊருக்கு வந்திருந்தபோது கேட்டாயே, அது சுருக்கென்று தைத்தது. பெரிய லீவு என்றால் உன்னைப் பார்க்க ஓடிவந்துவிடுகிறோம். அக்டோபர் லீவில் விடைத்தாள் திருத்துவோம். இந்தத் தடவை விடைத்தாள் கட்டை அப்படியே அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

இந்த வருஷம் தேசிய தினமும் நிலாப் பண்டிகையும் சேர்ந்து வந்ததால் 8 நாள் விடுமுறை. சும்மா கொடுத்துவிட்டார்கள் என்று நினைக்காதே. போன ஞாயிறு, 28ஆம் தேதி, முழுநாளும் வகுப்பு. திரும்பிப் போனதும் 11ஆம் தேதி சனிக்கிழமையும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முக்கோணவியல் நடத்தினால் பிள்ளைகள் முகம் எப்படி இருக்கும்? நடத்துகிற என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். லீவைக்கூடக் கடனாகத்தான் தருகிறார்கள் என்று அப்பா முணுமுணுத்தார்.

டிக்கெட் கதை நம்ம தட்கால் கதைதான். 15 நாள் முன்னால் திறக்கிறார்கள். அப்பா போனை வைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தும், கண்ணை மூடித் திறப்பதற்குள் தீர்ந்துவிட்டது. காத்திருப்போர் பட்டியலில் போட்டு மூன்றாம் நாள்தான் கிடைத்தது. சீட்டு இல்லாத டிக்கெட்டும் விற்கிறார்கள். இதோ, கதவோரம் மடக்கு முக்காலி போட்டு ஒரு குடும்பமே உட்கார்ந்திருக்கிறது.

ஸ்டேஷனில் அவ்வளவு கூட்டம். இந்த ஊர்க்காரர்கள் அடையாள அட்டையை வைத்தால் கதவு திறந்துகொள்கிறது. நாங்கள் பாஸ்போர்ட்டோடு ஓரத்தில் ஆள் நிற்கிற வழியைத் தேடி ஓடினோம். கிளம்பச் சில நிமிடம் இருக்கும்போதே அடைத்துவிடுவார்கள் என்பதால் எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. அதற்கு முன்னால் சோதனையில் என் காய் நறுக்கும் கத்தியைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். பழம் நறுக்க ஆகுமென்று பையில் போட்டது என் புத்திதான். அப்பா வேண்டாம் என்றார், நான் கேட்கவில்லை. இதை அவரிடம் சொல்லிக்கொண்டிருக்காதே.

எங்கே போகிறோம் என்று சொல்லவில்லையே. சுவான்சோ, தெற்கே ஒரு பழைய துறைமுக ஊர். என் வகுப்பில் ஒரு பெண்ணுக்கு அதுதான் சொந்த ஊர். "டீச்சர், எங்க ஊர்க் கோயில் தூணில் உங்க சாமி இருக்கு" என்று போனில் படம் காட்டினாள். கையடக்க வட்டத்துக்குள் நரசிம்மர். இன்னொன்றில் குட்டிக் கண்ணன், உரலை இழுத்துக்கொண்டு இரண்டு மரத்துக்கு நடுவே தவழ்கிறான். நம்ம ஊர்க் கோயில் தூண்களில் பார்ப்போமே, அதே சாயல்!

கையுவான் கோயில் என்று பெயர், புத்தர் கோயில். நம்ம ஆட்கள் அந்தத் துறைமுகத்தில் வியாபாரம் செய்த காலத்தில் கட்டிய கோயில் சிதைந்துபோக, அதன் கற்களைப் பின்னால் வந்தவர்கள் இங்கே வைத்துக் கட்டிவிட்டார்கள். அந்த ஊரில் ஒரு தமிழ்க் கல்வெட்டும் கிடைத்திருக்கிறது. சக வருஷம் 1203 சித்திரை, அதாவது 1281. குப்லாய் கான் ஆண்ட காலம். சம்பந்தப் பெருமாள் என்பவர் திருக்கதலீசுவரம் என்று சிவனுக்குக் கோயில் எழுப்பியதைச் சொல்கிறது. கடைசியில் சீன எழுத்தும் இருக்கிறது. நீங்கள் இங்கே ஏன் போய்க் கிடக்கிறீர்கள் என்று கேட்கிற உன் பெரியப்பாவிடம் இந்தச் சம்பந்தப் பெருமாளைப் பற்றிச் சொல். அவர் கப்பலில் வந்திருப்பார், எங்களுக்கு ரயில்.

எதிர் சீட்டில் ஒரு பாட்டி. எல்லோரையும் போல ஃபிளாஸ்க்கில் வெந்நீர் பிடித்துவந்து தேயிலை போட்டுக்கொண்டிருந்தார். நான் புளியோதரை டப்பாவைத் திறந்ததும் எட்டிப் பார்த்தார். மூடியில் ஒரு கரண்டி வைத்துக் கொடுத்தேன். வாயில் போட்டுக்கொண்டு கண்ணைச் சுருக்கி "சுவான், சுவான்" என்றார். நாங்கள் போகிற ஊர்ப் பெயரைத்தான் சொல்கிறார் என்று தலையாட்டினேன். புளிப்பு என்று சொல்லியிருக்கிறார்! அப்பா விழித்திருந்தால் ஒரு மாதம் சொல்லிச் சிரித்திருப்பார். பாட்டி இரண்டாம் கரண்டியும் வாங்கிக்கொண்டார், அதற்குப் பதிலாக இரண்டு ஆரஞ்சும் கொடுத்தார்.

இங்கே மணி பத்து. உனக்கு ஏழரை, இன்னும் குளித்திருக்கமாட்டாய். பரணில் நீல டிரங்குப் பெட்டியில் என் பழைய கிளார்க் டேபிள், அந்தக் கணக்கு அட்டவணைப் புத்தகம், இருக்கும், அட்டை கிழிந்தது. அதை எடுத்துத் துடைத்துப் பூஜையில் வை. பக்கத்தில் அப்பாவின் இயற்பியல் நோட்டும் இருக்கட்டும், இல்லாவிட்டால் கோபித்துக்கொள்வார். பொங்கலுக்கு வெல்லம் குறைவாகப் போடு, போன தடவை திகட்டிவிட்டது என்று நீயே சொன்னாய்.

நாளைக் காலை அந்தத் தூணுக்கு முன்னால் நின்று வீடியோ கால் போடுகிறேன். போனை எடு.

அம்மா