பெயர் வேண்டாம் என்ற சமூக அறிவியல் டீச்சருக்கு

பெயர் போடக் கூடாது என்பது டீச்சரின் கண்டிப்பு. போடவில்லை. ஆனால் இந்த வடகிழக்குப் பருவமழையில் பள்ளி மேலாண்மைக் குழு எடுத்த முடிவுகளில் பாதி, அவருடைய நிலவரைபட வகுப்பிலிருந்து வந்தவை.

சார்ட் தாளில் பள்ளியைச் சுற்றிய தெருக்கள். தண்ணீர் முழங்காலைத் தொடும் இடம் நீலம், மின்பெட்டி திறந்து கிடக்கும் இடம் சிவப்பு. பிள்ளைகள் சொல்லச் சொல்ல வரைந்தது. நீலத் தெருப் பிள்ளைகளை மழை வலுக்கும் முன்பே, பெற்றோர் கையில் மட்டும் அனுப்ப வேண்டும் என்று தலைமையாசிரியரை ஒப்புக்கொள்ள வைத்தது அந்தத் தாள்தான்.

'மிக கனமழை' என்றால் 24 மணி நேரத்தில் 115.6 முதல் 204.4 மி.மீ. என்று அவர் விளக்கிய பிறகே சேர்க்கைப் பதிவேடு மேல்தட்டுக்குப் போனது. சத்துணவு அரிசி மூட்டைக்குக் கீழே பலகை வந்தது, சுவரிலிருந்து ஓரடி தள்ளி. ஒட்டி வைத்தால் ஓதம் ஏறும்.

பெரிய தலைவலி, வாட்ஸ்அப்பில் சுற்றும் போன வருட விடுமுறை அறிவிப்பு. தேதி, மாவட்டம், ஆட்சியர் பெயர் மூன்றையும் பார்க்காமல் யாரும் பகிரக் கூடாது என்றார். வாட்ஸ்அப் இல்லாத வீடுகளுக்குத் தெருவுக்கு ஒருவர் போன். வாசல் கதவில் மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077, பெரிய எழுத்தில்.

நன்றி டீச்சர். சார்ட்டை லேமினேட் செய்துவிட்டோம். பின்பக்கக் கால்வாயை மட்டும் கோடையில் சேர்த்து வரைந்து கொடுங்கள்.