பழைய ஆயிலை எங்கே ஊற்றுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

குலசேகரம் பக்கம் இப்போது பலர் வீட்டிலேயே காருக்கு ஆயில் மாற்றுகிறார்கள். நானும்தான். ஆனால் போன ஞாயிறு பக்கத்து வீட்டுத் தம்பி, மழையில் ஊறிய செம்மண்ணில் ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கடியில் படுத்திருந்தார். காலைப் பிடித்து இழுக்காத குறையாக வெளியே வரவைத்தேன். ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு ஸ்டாண்டு வேண்டும். செங்கல் ஆகாது, திடீரென்று நொறுங்கிவிடும்.

எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போது ஆயிலை வடித்துவிட்டு ஃபில்டரைக் கழற்றலாம். (நான் அடியில் வைப்பது ரப்பர் பால் உறையவைக்கும் பழைய அலுமினிய டிஷ், அளவு கச்சிதம்.) கழற்றியதும் பழைய ரப்பர் வளையமும் கூடவே வந்ததா என்று பார்க்க வேண்டும். ஒருமுறை அது எஞ்சினிலேயே ஒட்டியிருக்க, அதன்மேலேயே புது ஃபில்டரை முறுக்கிவிட்டேன். தக்கலை வரை வழியெல்லாம் ஆயில்! புது வளையத்தில் விரலால் ஆயில் தடவி, ஃபில்டரைக் கையால் முறுக்கினாலே போதும்.

கழிவு ஆயில்தான் பெரிய தலைவலி. மத்திய அரசின் 2016 கழிவு மேலாண்மை விதிகளின்படி அது அபாயகரக் கழிவு. இங்கே சிலர் வாய்க்காலில் கவிழ்க்கிறார்கள். அது நேரே குளத்துக்குப் போகிறது. உள்ளாட்சிகள் ஒரு பீப்பாய் வைத்துச் சேகரித்து, அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடம் கொடுக்கக் கூடாதா? என் திண்ணையில் இப்போதே இரண்டு கேன் நிற்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பேருந்து மெக்கானிக்,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்